பதினாறைச் சொன்னது யார்?

ஒன்று முதல் நூறு வரை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்கிறார்கள் என்று என்னிடம் வந்து பெருமைப்படாதீர்கள். போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி அப்படித்தான் என்னை அழைத்துக்கொண்டு போய்த் தன் வகுப்பைக் காட்டினார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்து போயின. தம்பி என் முகத்தைப் பார்த்தார். நான் முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமியிடம், "ஒரு கையில எத்தனை வெரல் இருக்கு கண்ணு?" என்று கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி புறாக்கள் போன திசையைப் பார்த்தார்.

இந்தக் கிழவிக்கு ஓய்வு கொடுத்த பிறகும் கோபம் போகவில்லை என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். போகாது. சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுப்பதிலேயே என் ஆயுள் கழிந்தது; முதலில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பிறகு பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில். கரும்பலகையில் எண்ணை எந்த முனையில் தொடங்கி எழுதுவது, குச்சியை எப்படிப் பிடிக்க வைப்பது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. அங்கே சொல்லித் தராததை மட்டும் சொல்கிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வீரன் என்று ஒரு பையன் இருந்தான். எண்களைப் பாட்டு மாதிரி சொல்லுவான். அங்கே கணக்குக்கு எங்களிடம் இருந்த ஒரே சாமான் ரப்பர் கொட்டை. ஏழு கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். விரலால் தொட்டுத் தொட்டு அழகாக எண்ணினான். "இப்ப அந்த ஏழு கொட்டையையும் எடுத்துக் குடு" என்றேன். கடைசிக் கொட்டை ஒன்றை மட்டும் எடுத்து என் கையில் வைத்தான்.

"ஏழு கேட்டேன்டா."

"இதான் டீச்சர் ஏழு. அது ஆறு. அது அஞ்சு. அந்தா இருக்கே, கறுத்தது, அது ரெண்டு."

அவனைப் பொறுத்தவரை ஒவ்வொரு கொட்டைக்கும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். நான் கொட்டைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். அவனுக்கு அழுகையும் கோபமும் வந்துவிட்டன. "எல்லாத்தையும் எடம் மாத்திட்டீங்க! இப்ப எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" எனக்கும் அழுகை வந்தது. நான் தெளிவாகச் சொல்லச் சொல்ல அவன் இன்னும் தெளிவாகக் கடைசிக் கொட்டையை எடுத்துக் கொடுத்தான். ஒரு நாள் விளக்குவதை விட்டுவிட்டு, "வகுப்புல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொட்டை கொண்டு வா" என்று அனுப்பினேன். கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு சிறுமிக்குக் கிடைக்கவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். இவன் அவள் முகத்தைப் பார்த்தான், தன் வெறுங்கையைப் பார்த்தான், வெளியே ஓடினான். ஒன்றே ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். அன்றைக்குத்தான் அவன் எண்ணினான். அதற்கு முன்னால் அவன் பாடிக்கொண்டிருந்தான்.

இன்னொருத்தன் இருபத்தொன்று எழுதச் சொன்னால் 201 என்று எழுதுவான். இருபது, பிறகு ஒன்று. காதில் விழுந்தபடிதானே எழுதினான்? அதற்கு மேல், தமிழ் எண்ணும் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தமிழில் எட்டுக்கு ௮. பார்ப்பதற்கு அப்படியே 'அ'. காலையில் அதற்கு ஒரு பெயர், மத்தியானம் அதற்கு வேறு பெயர் என்றால் ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? 'அம்மா' என்று எழுதியிருந்ததை ஒரு பெண் "எட்டும்மா" என்று வாசித்துவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்த்தாள். நீங்களும் இப்படிப்பட்ட நாட்களைப் பார்ப்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அது வியாதி இல்லை, இந்த வேலை.

நான் சொல்ல வந்தது பிரிக்பீல்ட்ஸில் நடந்தது.

செங்கல் சூளைகளுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. பிள்ளைகள் பெரும்பாலும் ரயில்வே லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள். தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு மை இருக்காது, பேச்சில் ஒரு சொல் தவறாது. ஆனால் அவருக்கு எதுவும் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். தினமும் காலையில் என் வகுப்பை உயரப்படி வரிசையில் நிறுத்துவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். முதல் பிள்ளை "ஒண்ணு" என்றால், அது கடைசிப் பிள்ளை வரை ரயில் மாதிரி ஓடி முடிய வேண்டும். எண் பாடமும் ஆயிற்று, வருகைப் பதிவும் ஆயிற்று என்பார்.

அந்த ரயில் தினமும் பதினாறில் நிற்கும். பதினாறு, அந்தோணியம்மா. அப்பா தண்டவாளக் கூலி, அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் துணி வெளுப்பவள். இவள் முறை வந்ததும் வாயைத் திறக்க மாட்டாள். வரிசையின் தலைப்பக்கம் திரும்பி, விரலை நீட்டி, முதலிலிருந்து ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வருவாள். பாதியில் யாராவது தும்மினால் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். இவ்வளவுக்கும் பிறகு பல நாள் "பதினஞ்சு" என்பாள். ஏனென்றால் அன்றைக்கு யாராவது வந்திருக்க மாட்டார்கள். சில நாள் தப்பாக எண்ணிப் பதினெட்டு என்பாள். அவளைப் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். என் உயிரை வாங்கினாள். "உன் நம்பர் பதினாறுதானே, சொல்லிட்டுப் போயேன்டி" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். "எண்ணாம எப்படி டீச்சர் சொல்றது?" என்பாள்.

பெரிய சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவளுக்கு அடுத்து நிற்பவன் தங்கமுத்து. கரகரத்த குரல், சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அவனைக் கூப்பிட்டு, "அவள் நின்றால் நீ நிற்காதே. பதினாறையும் நீயே சொல்லிவிட்டுப் பதினேழுக்குப் போ" என்று பழக்கிவிட்டார். ரயில் ஓட ஆரம்பித்தது. நான் வேண்டாம் என்றேன். "வரிசை சரியாக வருகிறதா இல்லையா, டீச்சர்?" என்றார். வருகிறது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மழைக்காலம். பல நாள் விடாத மழை. அந்தச் சமயம் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வெள்ளைக்கார துரை ஒருவர் வந்தார். மழைக்கு முன்கூட்டியே விட்ட மற்ற வகுப்புக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்ப நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பெரிய சார் என் வகுப்பை வரிசையில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். தங்கமுத்து அவள் எண்ணைச் சொல்ல, அந்தோணியம்மா, "நான் இன்னும் எண்ணி முடிக்கல!" என்று துரை முன்னாலேயே அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டாளாம். துரை சிரித்தார். பெரிய சாருக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. துரை வண்டி ஏறிப் போனதும், கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து அவளைப் பின்பக்கத்துச் சாமான் அறையில் உட்கார வைத்தார். ஐம்பது வரை எழுதிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். படங்களும் சுண்ணாம்புக் கட்டிகளும் இருக்கிற அறை. எப்போதும் பூட்டு போடுவது அவர் வழக்கம். வழக்கப்படி பூட்டிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்கு நான் வகுப்புக்குத் திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு கரையைத் தாண்டி வரும் என்று நாங்கள் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். அது லோங்காங் என்கிற வடிகால் வழியாக எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. சாக்கடை என்று நாங்கள் தாண்டிக்கொண்டிருந்த வாய்க்கால், கொஞ்ச நேரத்தில் சூளைத் திடலை மூடிவிட்டது. பெரிய சார் மணியை அடித்தார். அவர் பதறவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளைக் கைகோக்கச் செய்து, முழங்கால் தண்ணீரில் நடத்தி, ரயில் பாதையின் மேட்டில் ஏற்றினோம். மழையில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. பிள்ளைகள் தலையில் சிலேட்டைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்கள்.

"வரிசையில் நில்லுங்கள்! எண்!" என்றார் பெரிய சார்.

அழுகையை நிறுத்திவிட்டு எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கடைசி வரைக்கும் போய் முடிந்தது. ஒரு தடங்கல் இல்லை.

"கர்த்தருக்குத் தோத்திரம். அத்தனை பேரும் இருக்கிறார்கள்" என்றார் அவர்.

அந்த வரிசை ஒரு நாளும் அவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை. தங்கமுத்து குறுக்கே சொன்னாலும், பின்னாலேயே அவள் சண்டை போடும் சத்தம் கேட்கும். அன்றைக்குப் பதினாறும் பதினேழும் ஒரே கரகரத்த குரலில் வந்தன, சண்டை வரவில்லை.

"சார், பதினாறைச் சொன்னது யாரு?"

"டீச்சர், எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்."

எல்லோரையும் பார்த்து, "அந்தோணியம்மா எங்கே?" என்று கத்தியிருந்தால் ஆளுக்கொரு பதில் சொல்லி ஓலமிட்டிருப்பார்கள். இரண்டு பேர் அவளைத் தேடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாலும் இறங்கியிருப்பார்கள். நான் தங்கமுத்துவிடம் போய்க் குனிந்து, காதோடு கேட்டேன்.

"பின் ரூம்புல டீச்சர். சார்தான் உக்கார வெச்சாரு. நீ நிக்காதே, சொல்லிட்டுப் போன்னு சார் சொல்லியிருக்காரு இல்ல, அதான் சொல்லிட்டேன்."

பெரிய சாருக்கு அது கேட்டுவிட்டது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். "நான் போகிறேன்" என்றார். மேட்டிலிருந்து ஒரு அடி வைத்தவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அவர் அறுபதை நெருங்கிய மனிதர். நான் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

"பிள்ளைங்களை உக்கார வையுங்க சார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமாகவே. ஒருத்தர் கையை ஒருத்தர் விடக்கூடாது. தயவு பண்ணி இனிமே எண்ணாதீங்க."

மேட்டுக்குக் கீழே, செங்கல் வண்டி ஓட்டுகிற கறுப்பண்ணன் தன் மாடுகளை ஏற்ற முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார். உயரமான சக்கரம் வைத்த வண்டி. நான் ஓடினேன்.

"அண்ணே, பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள மாட்டிக்கிச்சு. வண்டியைத் திருப்புங்க."

"டீச்சரம்மா, மாடு இப்பத்தான் செத்துப் பொழைச்சு வந்திருக்கு. மறுபடி எறங்காது."

"பூட்டுன ரூம்புல இருக்கு அண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தப் பாவி பூட்டுனான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியின் ஏர்க்கால் மேலேயே ஏறி உட்கார்ந்து மாடுகளைத் திருப்பினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். தண்ணீர் மாடுகளின் வயிற்றைத் தொட்டது. வழியெல்லாம் மாடுகளோடு மட்டும் பேசிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடத்துக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெஞ்சுகள் மிதந்தன. பூட்டு தண்ணீருக்கு மேலே இருந்தது கடவுள் புண்ணியம். கதவு உப்பிக்கொண்டு திறக்க மறுத்தது. கறுப்பண்ணன் தோளால் இடித்தார்.

உள்ளே மேசைமேல் ஒரு பெட்டி, பெட்டிமேல் அந்தோணியம்மா. மடியில் சிலேட்டு. முகம் வீங்கியிருந்தது, நிறைய அழுது முடித்துவிட்டாள் போலிருக்கிறது. கையை நீட்டினேன். வரவில்லை.

"பலகையில எடம் இல்ல டீச்சர்" என்றாள். "அம்பது இன்னும் வரல."

சிலேட்டின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தாள். நாற்பதில் இடம் தீர்ந்துவிட்டது. அழித்தால் எழுதியது போய்விடும், அழிக்காவிட்டால் மேலே எழுத முடியாது.

"பரவால்ல, வா."

"சார் அடிப்பாரு."

"தண்ணி வந்துடுச்சுடி!"

"தெரியும் டீச்சர். அம்பது முடிக்காம வெளிய வந்தா தோலை உரிச்சுடுவேன்னு சார் சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. கறுப்பண்ணன் வெளியே மாடுகளைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். இவளை இழுத்தால் திமிறுவாள். இருவரும் தண்ணீரில் விழுவோம். நான் அவள் கையிலிருந்த குச்சியை வாங்கினேன். சிலேட்டின் மூலையில், அவள் எழுதியிருந்த எண்களின் மேலேயே, 50 என்று பெரிதாக எழுதினேன்.

"அம்பது வந்துடுச்சு. எறங்கு."

அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நடுவுல உள்ளது?"

"வண்டியில சொல்றேன்."

இறங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சொன்ன சொல்லை அவள் விடவில்லை. வண்டி ஆடிக்கொண்டே தண்ணீரில் போக, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. பற்கள் கிடுகிடுக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேட்டில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெளுக்கப் போட்ட யார் வீட்டுத் துணியோ தோளில் அப்படியே கிடந்தது. பிள்ளையை வாங்கி அதில் சுற்றிக்கொண்டாள். நடந்ததைப் பிள்ளைகள் அதற்குள் சொல்லியிருந்தார்கள். பெரிய சார் அவளிடம் வந்து, "நாங்கள் எண்ணிப் பார்த்தோம் அம்மா. சரியாகத்தான் இருந்தது" என்றார்.

அவள் சத்தம் போடவில்லை. "எண்ணுனீங்க சார். எம்புள்ளையத் தேடுனீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சேற்றைக் கழுவிப் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தோணியம்மா வரவில்லை. நான் லைன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வேணாம் டீச்சரம்மா. எண்ணத் தெரியாட்டிப் போவுது. உசுரோட இருக்கட்டும்" என்றாள் அவள் அம்மா. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பெரிய சார் ஒன்றும் நடக்காதது போல என் வகுப்பை வரிசையில் நிறுத்தினார். என்னால் நம்ப முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இரவு முழுக்க மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. ஓடியது. பதினைந்து வரை வந்தது. நின்றது.

தங்கமுத்து வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"சொல்" என்றார் பெரிய சார்.

"அது அந்தோணியம்மா சார். அவ வரல."

"பதினாறு என்று சொல்லிவிட்டு மேலே போ. பழக்கியிருக்கிறேன் அல்லவா?"

"நான் சொன்னா அவ இருக்கான்னு ஆயிடும் சார்."

பெரிய சார் பிரம்பை எடுத்தார். அந்தப் பயல் கையை நீட்டினான். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அல்லவா, அடிக்குக் கையை நீட்டினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அப்பால் நின்ற யாரும் பதினெட்டுக்குப் போகவில்லை. நான் நடுவில் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். தேவைப்படவில்லை. பெரிய சார் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு வரிசையில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். இவனுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு அவர்கள் இடம் விட்டிருந்தார்கள். பிரம்பை மேசைமேல் வைத்தார். "உட்காருங்கள்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, தலைப்பாகையைக்கூட மறந்துவிட்டு, ரயில்வே லைன் வீடுகள் பக்கம் நடந்து போனார்.

அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் அம்மாவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அந்தோணியம்மா வந்தாள். என்னிடம் பெரிய சார் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. கடைசி வரைக்கும் என் வகுப்பு மெதுவாகப் போகிறது என்று குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வருகைப் பதிவைப் பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்து எடுத்தார்.

இப்போது நீங்கள் வகுப்புக்குப் போங்கள். நூறு வரை சொல்ல வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லட்டும், கத்தட்டும், புறாக்கள் பறக்கட்டும். ஆனால் நடுவில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு நின்றால், கையை ஓங்குவதற்கு முன்னால் பக்கத்தில் யார் இல்லை என்று பாருங்கள்.